உயரம் அளக்கும் காரியம்



குழந்தைகளின் நெடுநாளைய ஊட்டக் குறைவை ஆராயக் கூடியிருக்கும் இந்த மகாநாட்டுக்குத் தலைமை வகிக்கும்படி பணித்த அன்பர்களுக்கு என் நன்றி. உபசார வார்த்தைகளை இவ்வளவில் நிறுத்தி, என் மனத்தில் வெகுகாலமாக இருந்துவரும் ஒரு விஷயத்தை மாத்திரம் இந்தச் சபையின் முன் வைக்கிறேன்.

சிசுக்களை எடை போடும் வழக்கம் நம்மிடையே நன்றாக வேரூன்றிவிட்டது. 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாதவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்து வந்த அரும்பணியை எவரும் மறக்க முடியாது. ஆயினும், நேற்றுவரை செழிப்பாக இருந்து வயிற்றுப்போக்கினால் இன்று வாடிப்போன குழந்தையும், கருவிலிருந்தே போதிய போஷணையின்றி, அடிக்கடி வந்த நோய்களாலும் நலிந்து, வயதுக்குத் தக்க உயரம் எட்டாமல் நின்றுவிட்ட குழந்தையும் தராசில் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜான் வாட்டர்லோ 1970-களில் முன்னதை மெலிவு என்றும், பின்னதை வளர்ச்சிக் குன்றல் என்றும் பிரித்துக் காட்டினார். மெலிந்தவனைத் தாயே கண்டுகொள்வாள். குன்றியவனோ, தன்னைப் போலவே குன்றிய பிள்ளைகளின் நடுவே ஓடியாடித் திரிவதால், எவர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறான்.

‘நம்மவர் உடல்வாகே சிறியது, உருவம் சிறுத்தாலும் ஆரோக்கியத்துக்குக் குறைவில்லை’ என்று 1980-களில் எழுந்த வாதத்தை நம் நாட்டு ஊட்டச்சத்து நிபுணர் டாக்டர் கோபாலன் அக்காலத்திலேயே வன்மையாக மறுத்தார். பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு தேசங்களில் தாய்ப்பாலும் சுகாதாரமும் குறைவற வாய்த்த குழந்தைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட தரங்கள் அவர் பக்கமே நின்றன. தெற்கு டெல்லிக் குழந்தையும் ஓஸ்லோக் குழந்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வளர்ந்தன. குட்டையாக இருப்பது நம் குலத்தின் இயல்பு என்று சொல்லிச் சமாதானம் அடைய இனி நமக்கு நியாயம் இல்லை.

அந்தத் தரத்தின்படி, இரண்டு வயது நிறைந்த ஆண் குழந்தையின் இடைநிலை உயரம் 87.1 செ.மீ.; 81 செ.மீ.க்குக் கீழே நிற்பவன் குன்றியவன். இடைவெளி ஆறே சென்டிமீட்டர். அந்த வயதில் குழந்தை மூன்று மாதத்தில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் வளர்வதால், பிறந்த தேதியை மூன்று மாதம் பிசகாக எழுதிக்கொண்டாலே அந்த இடைவெளியில் பாதிக்குச் சற்றுக் குறையக் கரைந்துபோகும். வயதைப் போலவே அளவும் பிசகக்கூடும்; அங்கன்வாடியில் அளவெடுக்கும் வேளையைச் சற்று மனத்தில் கொண்டுவாருங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பலகையில் கிடத்த வேண்டும். தாய் தலையை முகட்டுப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க, பணியாளர் ஒரு கையால் முழங்கால்களை அமுக்கி, மறு கையால் பாதப் பலகையை உள்ளங்காலில் படும்படி நகர்த்த வேண்டும்; குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும். முழங்கால் சற்று மடங்கினாலும் அளவு குறைந்துவிடும். படுக்கவைத்து எடுத்த நீளம் நிற்கவைத்து எடுத்த உயரத்தைவிட 0.7 செ.மீ. கூடுதலாக இருக்கும் என்பதும் பலர் குறிப்பேட்டில் இடம்பெறுவதில்லை.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் குன்றியவர்கள் 2015-16-ல் 27.1 சதவீதம், 2019-21-ல் 25 சதவீதம் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. இவ்வளவு சிறிய இறக்கத்தைக் கொண்டு மகிழ்வதற்கோ வருந்துவதற்கோ முன்னால், பலகை பிடித்த கைகள் எவ்வளவு பழகியவை என்று கேட்பது அவசியம். ஆகையால், இங்கே கட்டுரை படிக்கவிருக்கும் அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் புள்ளிவிவரத்தோடு, வயதை எவ்வாறு நிச்சயித்தார்கள், அளவெடுத்தவர்களுக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தார்கள், ஒரே குழந்தையை இருவர் அளந்தபோது எவ்வளவு வித்தியாசம் கண்டது என்ற மூன்றையும் சபைக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.