ஆறு முறை கோட்டைவிட்ட பந்தயம்

கடலில் 3.86 கிலோமீட்டர் நீச்சல். கரையேறியதும் 180 கிலோமீட்டர் சைக்கிள். சைக்கிளை வைத்த கையோடு 42.195 கிலோமீட்டர் ஓட்டம். நடுவே ஓய்வு கிடையாது. உடை மாற்றும் நேரமும் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். இதுதான் அயர்ன்மேன் எனப்படும் நெடுந்தூர ட்ரையத்லான். காலை 7 மணிக்குக் கடலில் இறங்குகிறவர் நள்ளிரவுக்குள் எல்லைக்கோட்டைத் தொட்டால் போதும், முடித்தவர் பட்டியலில் பெயர் ஏறிவிடும். அதற்கு 17 மணி நேரம் உண்டு. முன்னணி வீரர்களுக்கு அதில் பாதி போதும்.

போட்டி பிறந்தது ஒரு வாய்ச்சண்டையில். நீச்சல்காரர், ஓட்டக்காரர், சைக்கிள்காரர் மூவரில் உடல்வலு யாருக்கு அதிகம் என்று ஹவாயில் எழுந்த விவாதத்தைத் தீர்க்க, அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் ஒரு வழி சொன்னார்: ஓவாஹு தீவில் தனித்தனியாக நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒரே நாளில் கோத்துவிடுவது. 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி பிடித்தது. இரண்டாவதாக வந்த ஜான் டன்பாருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துபோக, துணைக்கு வந்தவர்கள் பீரை நீட்டினார்கள், அவரும் வாங்கிக் குடித்தார். இந்தத் தூரத்தில் வயிறுதான் பாதிப் பந்தயம் என்பது அன்று யாருக்கும் புரிந்திருக்கவில்லை.

1981இல் பந்தயம் ஹவாய்ப் பெருந்தீவின் கோனா கடற்கரைக்கு இடம் மாறியது. எரிமலைக் குழம்பு உறைந்து கரும்பாறையாகக் கிடக்கும் வெளியை ஊடறுத்துப் போகிறது நெடுஞ்சாலை. மரமில்லை, நிழலில்லை. மேலிருந்து ஒரு வெயில் என்றால், பாறையும் தாரும் திருப்பி உமிழ்வது இன்னொரு வெயில். சைக்கிள் பாதையின் வடகோடியில் ஹாவி ஊரை நெருங்கும்போது குறுக்கே அடிக்கும் காற்று வண்டியை ஓரத்துக்குத் தள்ளும்.

இந்தப் பந்தயத்தை உலகம் கவனித்தது ஒரு கல்லூரி மாணவியால். 1982 பிப்ரவரியில் ஓடிய ஜூலி மாஸுக்கு அப்போது 23 வயது. கலிபோர்னியாவில் உடற்பயிற்சி உடலியல் படித்துக்கொண்டிருந்தவர், கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்காகக் களமிறங்கினார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், புராஜெக்டுக்காக ஓட வந்தவர். பெண்கள் பிரிவில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவருக்கு எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கால் மடங்கியது. எழுந்தார், விழுந்தார், மறுபடி எழுந்தார். கடைசிச் சில மீட்டரில் கேத்லீன் மெக்கார்ட்னி கடந்து போய்விட, மாஸ் தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடைவெளி 29 விநாடி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அந்தக் காட்சியை சான் டியேகோ பக்கத்தில் ஒரு கடற்கரைக் காவலர் பார்த்தார். பெயர் மார்க் ஆலன், வயது 24, கல்லூரியில் உயிரியல் படித்து முடித்தவர், நீச்சல் வீரர். அதே ஆண்டு அக்டோபரில் நடந்த அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார்.

ஆலன் என்றால் ஆறு முறை வென்ற சாம்பியன் என்று இன்று விளையாட்டு நூல்கள் எழுதும். அதற்கு முன்னால் ஆறு முறை கோட்டைவிட்டவர் என்பதுதான் இங்கே பார்க்கவேண்டிய விஷயம். 1982இல் அன்றைய பெரிய வீரர் டேவ் ஸ்காட்டோடு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது கியர் மாற்றும் கருவி உடைந்தது. பந்தயம் அங்கேயே முடிந்தது. 1983இல் மூன்றாம் இடம். 1984இல் சைக்கிளை விட்டு இறங்கும்போது ஸ்காட்டை விட சுமார் 12 நிமிடம் முன்னால் இருந்தார். வெயிலில் ஓட்டம் நடையாகி, ஐந்தாவதாக வந்தார். 1986இல் இரண்டாம் இடம். 1987இல் மாரத்தானில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் பாதி வழிக்குப் பிறகு தளர்ந்து மீண்டும் இரண்டாவதாக வந்தார். உள்ளே ரத்தக்கசிவு, அன்றிரவு மருத்துவமனை. 1988இல் ஸ்காட் முழங்கால் காயத்தால் விலகிக்கொள்ள, வழி திறந்துகிடந்தது. இரண்டு முறை பஞ்சர். மறுபடி ஐந்தாம் இடம்.

பட்டியலாகப் பார்த்தால் 'கோனாவில் ஆலனுக்கு ராசியில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்படிச் சொன்னவர்களும் உண்டு. ஆனால் இந்த ஆறும் ஆறு விதமான தோல்விகள். உடைந்த கியரும் பஞ்சரான டயரும் தற்செயல்; அவற்றிலிருந்து கற்க அதிகமில்லை. 1984 வேகக் கணக்கில் விழுந்த பிழை. 1987 வயிற்றின் பிழை. அரியர் வைத்த மாணவருக்கு மதிப்பெண் பட்டியல் தேறவில்லை என்பதை மட்டும் சொல்லும். எந்தக் கேள்வியில் சறுக்கினோம் என்பது விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். பந்தய முடிவுப் பட்டியலும் அப்படித்தான். 1984இலும் ஐந்தாம் இடம், 1988இலும் ஐந்தாம் இடம். எண் ஒன்று, காரணம் வேறு. முன்னதைப் பயிற்சியால் திருத்தலாம். பின்னதற்கு இன்னொரு டயரை எடுத்துவைப்பதைத் தவிரச் செய்ய ஒன்றுமில்லை.

வேகக் கணக்கின் பின்னால் இருப்பது உடலின் எரிபொருள். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்துவைத்திருக்கும் மாவுச்சத்து தோராயமாக 2,000 கலோரி தரும். அயர்ன்மேன் கேட்பதோ அதைப்போல நாலைந்து மடங்கு. வழியில் சாப்பிட்டு ஈடுகட்டலாம் என்றால், குடல் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சுவதற்கு வரம்பு இருக்கிறது. மீதியைக் கொழுப்பு கொடுக்கவேண்டும். கொழுப்பு மெதுவாக எரியும் விறகு. நிதானமான வேகத்தில்தான் அது சரியாகப் பற்றும். மூச்சிரைக்க மிதித்தால் உடல் கொழுப்பை விட்டுவிட்டு மாவுச்சத்தை அள்ளிச் செலவழிக்கும். சைக்கிளில் 12 நிமிடம் முன்னால் வந்தவர் மாரத்தானில் நடந்ததற்கு ஒரு விளக்கம் இதில் இருக்கிறது. அந்த 12 நிமிடத்தைக் கடனாக வாங்கியிருந்தார். எரிமலைப் பாறை நடுவே வட்டியோடு வசூலானது.

வயிற்றின் கதையும் இதோடு ஒட்டியதே. கடும் உழைப்பில் ரத்தம் தசைக்கும், வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் போகிறது. குடலுக்குப் பங்கு குறைகிறது. மணிக்கணக்கில் அப்படி நீடித்தால் செரிமானம் நின்றுபோகும், குமட்டும், மோசமானால் உட்சுவரே சேதப்பட்டு ரத்தம் கசியும். வேகம், வெப்பம், வயிறு என்று மூன்றாகப் பேசினாலும், மூன்றும் ஒரே ரத்த ஓட்டத்தைப் பங்குபோடும் பங்காளிகள்.

ஆலனின் பயிற்சியில் இதற்கான விடை ஏற்கெனவே பாதி இருந்தது. பில் மாஃபடோன் என்ற பயிற்சியாளர் அவருக்கு ஒரு எளிய கணக்கைக் கொடுத்திருந்தார்: 180இலிருந்து வயதைக் கழித்தால் வருவதுதான் நாடித்துடிப்பின் மேல்வரம்பு. ஆலனுக்கு 155 என்று வந்தது. அந்த வரம்புக்குள் ஓடச் சொன்னபோது கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பிடித்தது. சர்வதேசப் போட்டிக்குத் தயாராகும் ஒருவருக்கு அது அவமானமான வேகம். தெருவில் தாண்டிப் போகிறவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். பொறுமையாக நீண்ட காலம் அதே துடிப்பில் ஓடியபின், அதே 155இல் கிலோமீட்டர் 3 நிமிடம் 20 விநாடிக்கு வந்துநின்றது. இதயம் அதே உழைப்புதான் உழைக்கிறது, கால் மட்டும் வேகமாகப் போகிறது. 1989 தொடக்கத்தில், ஹவாயில் முந்தைய ஆண்டு வென்ற ஸ்காட் மொலினாவோடு நியூசிலாந்து போய், வாரக்கணக்கில் நீண்ட தூரங்களாகவே பயிற்சி செய்தார். ஆகஸ்டில் பிரான்சின் அவிஞ்ஞோனில் நடந்த குறுந்தூர உலகச் சாம்பியன் போட்டியை வென்றார்.

கால் தயாராகிவிட்டது. மாறவேண்டியது இன்னொன்று, அது உடலியலில் இல்லை. தோற்ற ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வழக்கம் தெரிகிறது: ஆலன் முன்னால் போவார், பின்னால் ஸ்காட் வருகிறாரா என்ற எண்ணத்தோடே ஓடுவார், கடைசியில் ஸ்காட் வருவார். 1989இல் அவர் எடுத்த முடிவு விசித்திரமானது. ஸ்காட்டை முந்துவதில்லை, விலகுவதுமில்லை, நாள் முழுக்க அவர் பக்கத்திலேயே இருப்பது. ஸ்காட்டும் அந்த ஆண்டு லேசுப்பட்ட நிலையில் இல்லை. ஜப்பானின் பிவா ஏரிப் பந்தயத்தை 8 மணி 1 நிமிடம் 32 விநாடியில் முடித்துவிட்டு வந்திருந்தார். அந்தத் தூரத்தில் அதுவரை யாரும் தொடாத நேரம் அது.

1989 அக்டோபர் 14. நீச்சலில் இருவரும் ஒரு விநாடி வித்தியாசத்தில் கரையேறினார்கள். சைக்கிளிலிருந்தும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கினார்கள். அதன்பின் மாரத்தான். தோளோடு தோள், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம், பேச்சே இல்லை. தண்ணீர் தரும் மேசைகளில் ஒருவர் டம்ளரை எடுத்தால் மற்றவரும் எடுப்பார். ஒருவர் வேகம் கூட்டினால் மற்றவர் கூட்டுவார். சாலையோரம் வண்டிகளிலும் சைக்கிள்களிலும் கூட்டம் பின்தொடர்ந்தது. பாதி வழியில் ஸ்காட்டின் வேகம் தன்னை உடைத்துக்கொண்டிருந்ததையும், அந்த நேரத்தில் இரண்டு நாள் முன்பு பத்திரிகையில் பார்த்த மெக்சிகோப் பழங்குடி முதியவர் ஒருவரின் முகம் மனதில் வந்து பயம் விலகியதையும் ஆலன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நாடித்துடிப்பை அளக்கிற கருவிக்கு இது பிடிபடாது. ஓடியவர் சொன்ன சாட்சியம் என்ற அளவில் அதைக் குறித்துவைப்பதே நேர்மை.

பளானி சாலை மேட்டில், முடிவுக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில், ஆலன் வேகத்தைக் கூட்டினார். அதைத் தாண்டினால் இறக்கம். இறக்கத்தில் ஸ்காட் கெட்டிக்காரர். ஏற்றத்தில் பிரிந்த சில மீட்டர் பிறகு சேரவேயில்லை. ஆலன் 8 மணி 9 நிமிடம் 15 விநாடி, ஸ்காட் 8 மணி 10 நிமிடம் 13 விநாடி. எட்டு மணி நேரத்துக்கு 58 விநாடி வித்தியாசம். கோனாவில் அதுவரை இருந்த சிறந்த நேரம் ஸ்காட் 1986இல் வைத்த 8:28:37; இருவருமே அதைப் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் உடைத்திருந்தார்கள். மூன்றாவதாக வந்த ஆஸ்திரேலியர் கிரெக் வெல்ஷ் ஸ்காட்டுக்கு 22 நிமிடம் பின்னால். ஆலனின் மாரத்தான் 2:40:04. அதைவிட வேகமான ஓட்டத்தை அந்தப் பாதை 2016 வரை பார்க்கவில்லை.

இங்கே தோற்றவரையும் கவனிக்கவேண்டும். கோனாவில் தன் வாழ்நாளின் சிறந்த பந்தயத்தை ஓடிய நாளில்தான் ஸ்காட் தோற்றார். அவருடைய விடைத்தாளில் திருத்தப் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர் இன்னும் நன்றாக எழுதியிருந்தார், அவ்வளவுதான். காயங்கள், விலகல் என்று சில ஆண்டுகள் கழித்து 1994இல், 40 வயதில், திரும்பிவந்து இரண்டாம் இடம் பிடித்தார். 1996இல் 42 வயதில் ஐந்தாவது.

ஆலன் 1993 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றார், 1994இல் போட்டியிடவில்லை. 1995இல் கடைசியாக வந்தபோது வயது 37. சைக்கிளில் ஜெர்மனியின் இளைஞர் தாமஸ் ஹெல்ரீகல் பறந்துவிட, மாரத்தான் தொடங்கும்போது ஆலன் 13 நிமிடத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். 1984இல் முன்னால் இருந்த 12 நிமிடத்தைத் தொலைத்தவர், இப்போது அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் நின்றார். எட்டிப்பிடிக்க அவசரப்படவில்லை, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசிக் கட்டத்தில் கடந்து, இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான வித்தியாசத்தில் ஆறாவது வெற்றியைப் பெற்றார்.

ஹெல்ரீகல் அடுத்த ஆண்டும் வந்தார். 1996இல் 8 மணி 6 நிமிடத்தில் முடித்தார், ஆலனின் 1989 நேரத்தையே முந்தினார். ஆனால் பெல்ஜியத்தின் லுக் வான் லியர்டே 8:04:08இல் முடித்திருந்ததால் மறுபடி இரண்டாம் இடம். 1997இல் காற்று கடுமையாக வீசிய ஒரு நாளில், முந்தைய ஆண்டை விட ஏறக்குறைய 27 நிமிடம் மெதுவாக, 8 மணி 33 நிமிடத்தில் எல்லைக்கோட்டைத் தொட்டார். அந்த முறை அவருக்கு முன்னால் யாரும் இல்லை.