சிவப்பைத் தேடாதீங்கோ: கனூலா வகுப்பிலிருந்து ஒரு பேச்சு

நாங்கள் கூடியிருக்கிற இந்த இடம் தருக் மக்களின் நிலம். அவர்கள் இதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் நான் தொடங்க வேணும்.

நான் ஒரு தாதி. மேற்கு சிட்னியில் பிறந்து வளர்ந்தவள். இப்போது முதுகலை படிக்கிறேன், கிழமைக்கு இரண்டு நாள் வார்டில் வேலை, செமஸ்டர் நேரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் மணித்தியாலக் கூலிக்கு வகுப்பு எடுக்கிறேன். என்னுடைய தமிழ் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் அம்மம்மாவின் குசினியும் சேர்ந்து தந்த தமிழ். அதோடு சமாளியுங்கோ.

ஏற்பாடு செய்த தோழர் "சுகாதாரமும் முதலாளித்துவமும்" எண்டு தலைப்புத் தந்தார். அது மிகப் பெரிய தலைப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய். அதைப் பற்றித்தான் கதைக்கப் போறேன்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏத்தும்போது கையில் போடுவார்களே, அதுதான் கனூலா. கைக்குள்ளே ஊசி கிடக்கிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. ஊசி வழிகாட்டிக்கொண்டு உள்ளே போகும், பிறகு வெளியே வந்துவிடும். உள்ளே நிற்பது மெல்லிய பிளாஸ்டிக் மட்டும். 1950இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேவிட் மாசா என்பவர் இந்த முறையைக் கொண்டுவந்தார். அப்போது அவரே மயக்கமருந்துத் துறையில் பயிற்சியில் இருந்தவர். நிறத்தைப் பார்த்து அளவு சொல்லலாம்: பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22. இலக்கம் கூடக் கூடக் குழாய் மெலியும்.

இங்கே பெரும்பாலான இடங்களில் தாதி மாணவர்கள் நோயாளிக்குக் கனூலா போடக் கூடாது. பதிவு பெற்றபிறகு தனியாகப் பயிற்சி எடுத்து, ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கச் சரியாகச் செய்து காட்டவேணும். அதனால் கடைசி வருட மாணவர்களுக்கு நான் எடுக்கிற இரண்டு மணித்தியால வகுப்பில் எல்லாமே பிளாஸ்டிக் கையில்தான். சிவப்புத் தண்ணீர் நிரப்பிய பை மேலே தொங்கும். கைக்குள்ளே இறப்பர் குழாய்கள் நாளங்களாக ஓடும்.

அந்தக் கை வெள்ளை. வெள்ளை என்றால் இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை. நாளம் போகும் வழி நீலமாகத் தெரியும். அதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கு. போன செமஸ்டரிலும் அதற்கு முந்தின செமஸ்டரிலும் குத்தின ஓட்டைகள் அப்படியே கிடக்கும். மாணவர்கள் நாளத்தைத் தேடுவதில்லை, ஓட்டையைத் தேடுகிறார்கள். பழைய ஓட்டைக்குள் ஊசியை விட்டால் சிவப்புத் தண்ணீர் வரும், நான் "தேர்ச்சி" என்று கையெழுத்துப் போடுவேன். இப்படி நான் எத்தனை கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

கறுத்த கையும் செய்து விற்கிறார்கள். அட்டவணையில் படத்தோடு இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால் என்னுடைய அம்மம்மாவால். நான் தாதிப் படிப்பில் இரண்டாம் வருடம். அவவுக்குக் காலில் கிருமித் தொற்று, நாளத்தின் வழியாக மருந்து ஏத்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கனூலா போட நாலு தரம் குத்தினார்கள். அம்மம்மா என்னிடம், "என்ன பிள்ளை, உங்கடை ஆக்கள் ஓட்டை போட்டு விளையாடினமோ?" எண்டு சிரிச்சா. "நரம்பு கிடைக்கேல்லையாம்" எண்டா. எங்கள் வீட்டில் நாளத்துக்கும் பெயர் நரம்புதான்.

கனூலா போட்ட இடம் அழற்சி கண்டிருக்கா என்று பார்க்க ஒரு அளவுகோல் இருக்கிறது. பூச்சியத்திலிருந்து ஐந்து வரை புள்ளி. முதலில் பார்ப்பது நோவு, சிவப்பு, வீக்கம். இரண்டு இருந்தால் கனூலாவைக் கழற்ற வேணும். வந்த தாதி ஆங்கிலத்தில் "நோகுதா?" என்று கேட்டா. அம்மம்மா தெரிந்த ஆங்கிலத்தில் இல்லை என்றா. அவவுக்கு அது நோ இல்லை, எரிவு. எனக்குத் தமிழில் சொன்னா: "நோகேல்லை, எரியுது." தோல் சிவக்கவில்லை. அம்மம்மாவின் தோல் சிவக்கிற தோல் இல்லை. அட்டவணையில் பூச்சியம் விழுந்தது. அடுத்த நாளும் பூச்சியம்.

அந்தத் தாதியைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அன்றைக்கு அவவிடம் எத்தனை நோயாளிகள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி. நான் இரண்டு நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். பாடம் படித்தவள். அம்மம்மாவின் தோல்தான் என்னுடைய தோலும். "எரியுது" என்று அவ சொல்ல நான் குனிந்து பார்த்தேன். சிவப்பைத்தான் தேடினேன். சிவப்பு இல்லை. "ஒண்டுமில்லை அம்மம்மா, நல்லா இருக்கு" எண்டு சொன்னேன்.

மூன்றாம் நாள் மாலை தற்செயலாகக் கையைப் பிடித்தபோதுதான் தெரிந்தது. சூடு. மணிக்கட்டுக்கு மேலே கயிறுபோலத் தடித்து நீளமாக ஓடியது. மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் தோல் சிவப்பாக இல்லை, கொஞ்சம் ஊதாவாகக் கறுத்திருந்தது. கழற்றினார்கள். சுகம் வந்தது, ஆனால் ஆஸ்பத்திரியில் இன்னும் ஐந்து நாள் இருக்க வேண்டி வந்தது. அம்மம்மா அதை மறந்துவிட்டா. எனக்கு மறக்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி உங்களுக்குத் தெரியும், கோவிட் காலத்தில் எல்லோரும் வாங்கினோம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. இரத்தத்தில் ஒட்சிசன் உண்மையில் குறைந்திருக்க, கருவி "சரி" என்று காட்டியது கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம். ஒளியை வைத்து அளக்கிற கருவி, கண்ணை வைத்து அளக்கிற அட்டவணை, இரண்டும் ஒரே தோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

இப்போது என் வகுப்பில் முதல் அரை மணித்தியாலம் ஊசியே இல்லை. இருவர் இருவராக இருத்தி, சம்மதம் கேட்கச் சொல்லி, கையில் பட்டியைக் கட்டி, கண்ணை மூடச் சொல்கிறேன். இரண்டு விரல் நுனியால் தேட வேணும். துடித்தால் அது நாடி, அங்கே போகாதே. வயர் மாதிரி இறுக்கமாக, விரலை மடக்கும்போது அசைந்தால் தசைநாண். அழுத்தப் பதுங்கி, விட்டதும் மேலே வந்தால் அதுதான் நாளம். பெருவிரல் பக்கத்து மணிக்கட்டைத் தவிர்க்கச் சொல்வேன், அங்கே உண்மையான நரம்பு, அம்மம்மா சொல்கிற நரம்பு இல்லை, மேலாக ஓடுகிறது. முதல் தடவை இதைச் செய்தபோது ஒரு மாணவி தன் கையைக் கடைசிவரை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தா. தமிழ்ப் பிள்ளை, என்னைவிடக் கறுப்பு. "என்ரை கையிலை ஒண்டும் தெரியாது அக்கா" எண்டா. கண்ணை மூடினபிறகு, அந்த வகுப்பிலேயே நல்ல நாளம் அவவுடைய முழங்கை மடிப்பில்தான் இருந்தது. வரிசையில் நின்று தொட்டுப் பார்த்தார்கள்.

ஊசி வேலை அதற்குப் பிறகு. தோலை இழுத்துப் பிடி, பத்திலிருந்து முப்பது பாகைக்குள் சரித்து உள்ளே போ. பின்பக்க அறையில் இரத்தம் தெரியும். இங்கேதான் எல்லோரும் சந்தோஷத்தில் நின்றுவிடுவார்கள். ஊசிமுனை குழாய்க்கு ஒரு மில்லிமீற்றர் முந்தி நிற்பது, அதனால் ஊசி நாளத்துக்குள்ளே இருக்கும், குழாய் வெளியே இருக்கும். சரிவைக் குறைத்து இன்னும் கொஞ்சம் போய், பிறகு குழாயை மட்டும் தள்ள வேணும். வெளியே எடுத்த ஊசியைத் திரும்பக் குழாய்க்குள் விடவே கூடாது, குழாயின் நுனி வெட்டுப்பட்டு இரத்தத்தோடு போய்விடலாம்.

ஆனால் தோழர்களே, கண்ணால் பார்த்துக் குத்துவது கெதி. தொட்டுத் தேட நேரம் வேணும். நேரத்துக்குக் காசு. இங்கேதான் அந்தத் தோழர் தந்த பெரிய தலைப்பு வருகிறது.

இந்த மாநிலத்தில் 1985 வரைக்கும் தாதிகள் ஆஸ்பத்திரியிலேயே பயின்றார்கள், சம்பளத்தோடு. அது பொற்காலம் இல்லை, மலிவான கூலியாகத்தான் வைத்திருந்தார்கள். எல்லோரையும் எடுக்கவும் இல்லை. லோவிட்ஜா ஓடொனஹூ, தாயிடமிருந்து சிறுவயதில் பிரிக்கப்பட்ட பழங்குடிப் பெண், அடிலெய்டில் பயிற்சி கேட்டபோது, அலிஸ் ஸ்பிரிங்ஸ் போய் உன்னுடைய ஆட்களைப் பார் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை, போராடி 1954இல் ரோயல் அடிலெய்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். 1985க்குப் பிறகு படிப்பு உயர்கல்விக்குப் போனது. நல்லதுதான், ஆனால் சம்பளம் கூட வரவில்லை. இன்றைக்கு ஒரு மாணவர் பதிவு பெறக் குறைந்தது 800 மணித்தியாலம் வார்டில் சம்பளம் இல்லாமல் நிற்க வேணும். முழுநேரக் கணக்கில் இருபது கிழமைக்கு மேல். அதற்குப் படிப்புக் கட்டணமும் இவர்களே கட்டுகிறார்கள்.

மாணவர்கள் சேர்ந்து கத்தினபிறகு, 2024 மே மாதம் அரசாங்கம் கிழமைக்கு 319.50 டொலர் உதவி என்று அறிவித்தது. 2025 ஜூலை 1இல் தொடங்கியது. வருமானம் பார்த்துத்தான் தருவார்கள். சர்வதேச மாணவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. என் வகுப்பில் கேரளம், நேபாளம், பிலிப்பைன்ஸ், யாழ்ப்பாணம் என்று பாதிப்பேர் அவர்கள்தான். விசா விதிப்படி இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், அதை முதியோர் இல்லங்களில் இரவு வேலையாகச் செய்துவிட்டுக் காலையில் வருகிறார்கள். கண்ணை மூடு என்று நான் சொன்னதும் இரண்டு பேர் உண்மையாகவே நித்திரை கொண்டுவிட்டார்கள். எழுப்ப மனம் வரவில்லை. தூக்கம் இல்லாத விரலுக்கு நாளம் தெரியாது. அந்த விரல்தான் நாளைக்கு உங்கள் அம்மாவின் கையைத் தேடப் போகுது.

நாங்கள் ஊர்வலத்துக்குப் போகிறோம், பதாகை எழுதுகிறோம், அதெல்லாம் வேணும். ஆனால் இந்த 800 மணித்தியாலத்துக்குச் சம்பளம், விசா பார்க்காமல் எல்லோருக்கும், என்ற கோரிக்கையை எங்கள் கூட்டங்களில் நான் அதிகம் கேட்டதில்லை. எங்கள் வீடுகளில் தாதியாகவும் முதியோர் பராமரிப்பிலும் வேலை செய்கிற அக்காமார் எத்தனை பேர்? அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடும்போது சாப்பாடு செய்யத்தான் கூப்பிடுகிறோம். கோபிக்காதீங்கோ, நான் கண்டதைச் சொன்னேன்.

வீட்டில் யாரும் ஆஸ்பத்திரியில் இருந்தால், "நோகுதா" எண்டு மட்டும் கேட்காதீங்கோ. எரியுதா, கடுக்குதா, பாரமா இருக்கா எண்டு கேளுங்கோ. தொட்டுப் பாருங்கோ, மற்றக் கையோடு ஒப்பிடுங்கோ. மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேட்பது உரிமை, தொலைபேசியில் 131 450.

பேச்சு போதும். இருபது பட்டி கொண்டு வந்திருக்கிறேன். ஊசி ஒன்றும் இல்லை, பின்வரிசை பயப்பட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் முதல் சம்மதம் கேளுங்கோ. முழங்கைக்கு நாலு விரல் மேலே கட்டுங்கோ, ஒரு நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம். இப்ப கண்ணை மூடுங்கோ.