பெயர் மறந்தால் மருந்தும் மறையும்



கெடாவின் தோட்டப்புறங்களில் லயத்து வீட்டுக் கொல்லைகளே நம் முன்னோர்க்கு மருந்தகங்களாய் விளங்கின. சளிக்குத் தூதுவளை, தலைபாரத்திற்கு நொச்சி ஆவி, குழந்தையின் இருமலுக்குக் கற்பூரவல்லி என நாட்டு வைத்தியரும் மருத்துவச்சியரும் அறிந்திருந்தனர். சுங்கை பட்டாணி, கூலிம் நகர்களின் அடுக்குமாடிகளுக்கு நாம் குடிபெயர்ந்தபோது கொல்லை போயிற்று. செடியின் பெயரும் நாவை விட்டு நீங்கிற்று.

மலேசியாவில் 2016 ஆம் ஆண்டின் 775 ஆம் சட்டம் மரபு மருத்துவர்களைப் பதிவுக்குள் கொணர்ந்தது. ஆயினும், செவிவழி கற்ற மூத்தோரிடம் சான்றிதழ் ஏது? செங்கற்பட்டையடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் 1986இல் சங்கம் அமைத்துத் தம் மூலிகையறிவைக் காத்தனர்.

நாமும் பள்ளித் தோட்டத்தில் தொடங்குவோம்: ஒரு செடி, அதன் தமிழ்ப்பெயர், மலாய்ப்பெயர், அதை உரைத்த மூத்தவர் பெயர். கடும் நோய்க்கு மருத்துவமனையை நாடுவோம். ஆனால், அறிவை இழவோம்.