விரித்த உள்ளங்கை

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்தான் அன்று ஊரின் அறிவிப்புப் பலகை. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும், ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளை அதில் வெட்டி வைத்தார்கள்.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒன்றை எடுக்கும் அந்த முறைதான் குடவோலை. குடவோலை என்றதும் குடமும் ஓலையும்தான் நினைவுக்கு வரும். சுவாரசியம் அதற்குப் பிறகு. விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்துவிடக் கூடாதே! பெயரை அவர் உரக்கப் படிப்பார். மண்டபத்தில் உள்ள நம்பிமார், அதாவது பூசகர்கள், எல்லாரும் அதையே படிப்பார்கள். பிறகுதான் எழுதுவது.

போட்டியிட நிலமும் வேதப் படிப்பும் வேண்டும்; எல்லோருக்குமான தேர்தல் இல்லை அது. ஆனால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய அத்தை மகன், மாமன், மச்சினன், மருமகனுக்கும் கிடையாது.