கட்டடக் கலைக்கு ஒரு காப்பகம்



பம்பாயில் மாதுங்காவை அடுத்த தாதரில், கூம்பு வடிவான கான்கிரீட் கூரைகளோடு நிற்கும் மாதா கோயிலைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதை அமைத்த சார்ல்ஸ் கொரியா, செகந்திராபாத்தில் பிறந்து இந்நகரையே தம் கர்மபூமியாகக் கொண்டவர். சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளுக்கு நினைவுச் சங்கிரகாலயத்தை நிர்மாணித்தவர். அந்த மேதை தம் ஆயுட்கால உழைப்பின் சாட்சியங்களான 6,000க்கும் மேற்பட்ட வரைபடங்களை, 2013ஆம் ஆண்டில், லண்டனிலுள்ள பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராஜாங்க ஸ்தாபனத்துக்கு அளித்துவிட்டார். காகிதம் செல்லரித்துப் போகாமலும், நாடி வரும் மாணவனுக்குக் கதவு அடைபடாமலும் இருக்கக்கூடிய ஓர் இடத்தைத் தேடியவரிடம் நான் என்ன குறை காண்பது? அவர் தேடிய அந்த இடம் நம் தேசத்தில் ஏன் இல்லை என்பதே என் மனத்தை வருத்தும் கேள்வி.

மாஸ்கோவில் 1934லும், ஹெல்சிங்கியில் 1956லும், ஸ்டாக்ஹோமில் 1962லும் கட்டடக் கலைக்கென்றே பிரத்தியேகமான காட்சிச்சாலைகள் தோன்றின. ஓவியத்தைச் சுவரில் மாட்டலாம், சிலையைப் பீடத்தில் நிறுத்தலாம். கட்டடத்தையோ உள்ளே கொண்டுவர முடியாது. ஆகவே அது பிறந்த விதத்தைச் சொல்லும் வரைபடம், மாதிரி உருவம், நிழற்படம், கடிதம், கணக்கு ஆகியவற்றையே அங்கே பேணுகிறார்கள். நம் நாட்டில் சண்டிகரில் 1997ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காட்சிச்சாலை போற்றத் தக்கதுதான். எனினும் அது ஒரே நகரத்தின் கதை. கட்டடக் கலைஞர்களின் இந்தியச் சங்கம் 1929இல் உருவான பம்பாயிலாவது தேசம் முழுவதற்குமான ஒரு காப்பகம் எழுந்திருக்க வேண்டாமா?

அப்படி ஒன்று எழுமானால், கொரியா போன்ற பெரியோர்களின் வரைபடங்களுக்கு அருகிலேயே மாதுங்காவின் சாதாரண மாடி வீடுகளுக்கும் ஓர் அலமாரி ஒதுக்கப்பட வேண்டும் என்பேன். 1896இல் பிளேக் நோய் இந்நகரைச் சூறையாடியதன் விளைவாக, 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகும் விஸ்தாரமான வீதிகளோடு தாதர், மாதுங்கா பகுதிகளை அது வகுத்தது. அங்கே எழுந்த மூன்று நான்கு மாடிக் கட்டடங்களில் நம் தென்னாட்டுக் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் குடியேறினார்கள். சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் பல குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்த குழாயும் கழிவறையும் இங்கே ஒவ்வொரு குடித்தனத்தின் கதவுக்கு உள்ளே வந்தன. கிராமத்து வீட்டில் கொல்லைக் கோடியில் ஒதுக்கப்பட்டிருந்ததைச் சமையலறைக்குச் சில அடி தூரத்தில் ஏற்றுக்கொள்வது, ஆசாரம் மிகுந்த குடும்பங்களுக்கு எத்தனை பெரிய மனமாற்றம்! தமிழ்க் குடும்பம் நகரவாசியாக மாறிய சரித்திரம் முழுவதும் அந்தக் கட்டடங்களின் தரைப்படங்களில் கோடுகளாகக் கிடக்கிறது. ஆனால் அவை இன்று வீட்டுவசதிச் சொசைட்டிச் செயலாளரின் இரும்பு பீரோவில் முடங்கியிருக்கின்றன. ரீடெவலப்மென்ட் பேச்சு வரும்போதுதான் வெளியே வருகின்றன, கட்டடம் இடிந்த பின்போ அவற்றைக் கேட்பாரில்லை.

பழைய வரைபடம் மிகவும் சுகுமாரமான பொருள். கஞ்சிப் பசை பூசிய வரைதுணி, பம்பாயின் மழைக்கால ஈரத்தில் பிசுபிசுத்து உருக்குலையும். நீலப் பிரதி வெயில் பட்டால் வெளிறும், காரம் கலந்த காகித உறையில் வைத்தாலும் வெளிறும். ஆகையால் நல்லெண்ணம் மட்டும் போதாது. குளிர்ந்து உலர்ந்த அறையும், பயிற்சி பெற்ற ஊழியரும், நிரந்தரமான பொருளுதவியும் வேண்டும்.

மாதுங்கா வீடுகளுக்கு வரைபடமாவது உண்டு. இந்நகரின் தாராவிக்கோ பெரும்பாலும் வரைபடமே கிடையாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்களும், சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களும், மேஸ்திரியின் கண்ணளவையும் கைப்பணத்தையும் நம்பி எழுப்பிய வீடுகள் அவை. கீழே பட்டறை, மேலே குடித்தனம், இடையே வெளிப்புறமாக ஏறும் செங்குத்தான இரும்பு ஏணி. அந்தக் குயவர்கள் வாழும் கும்பார்வாடாவிலோ வீடுகளுக்கு நடுவே பலருக்கும் பொதுவான சூளை. சுமார் 600 ஏக்கருக்குள், தொழிலும் வாழ்வும் ஒன்றையொன்று நெருக்காமல் பொருந்துவதற்கு எத்தனை தலைமுறைகளின் யுக்தி செலவாகியிருக்கிறது! 2016ஆம் ஆண்டு ஒரு கைவண்டியின் மீதே நடமாடும் காட்சிச்சாலை அமைத்துத் தாராவித் தொழிலாளரின் கைத்திறனை அத்தெருக்களிலேயே காட்டினார்கள். அதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் பொருள்களைக் காட்டுவது ஒன்று, அவை பிறந்த வீட்டைப் பதிவு செய்வது மற்றொன்று. மறுநிர்மாணத் திட்டம் நெருங்கிவிட்ட இந்நாளில், இந்த இரண்டாவது காரியத்துக்கு அவகாசம் குறைவு.

வரைபடம் இல்லாத வீட்டை எப்படிக் காப்பது என்று கேட்பீர்களாயின், அளந்து வரையலாம் என்பதே விடை. 1933ஆம் ஆண்டு, பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நின்ற கட்டடக் கலைஞர்களை அமெரிக்க அரசாங்கம் அமர்த்தி, நாடெங்குமுள்ள பழைய கட்டடங்களை அளக்கச் செய்தது. மாளிகைகளோடு களஞ்சியங்களும் குடிசைகளும் அதில் இடம்பெற்றன. அந்தப் படங்கள் அங்குள்ள காங்கிரஸ் நூலகத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கின்றன, அந்த வேலையும் இன்றுவரை நிற்கவில்லை. ஜே.ஜே. கட்டடக் கலைக் கல்லூரி மாணவர்கள் தாராவிக்கு அதிக தூரம் பயணப்பட வேண்டியதில்லை. குடியிருப்போரின் சம்மதம் பெற்று, சந்து சந்தாக, அளவு நாடாவோடு அவர்கள் இவ்வாண்டே புறப்படலாம். செம்பூரில் பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகளுக்காக எழுந்த குடியிருப்புகளையும் அவர்கள் விட்டுவிடக் கூடாது. மாதுங்காவின் சொசைட்டிச் செயலாளர்களை நான் வேண்டிக்கொள்வது இது: உங்கள் பீரோவிலுள்ள தரைப்படத்தின் ஒரு பிரதியை, கட்டடம் இடிபடுவதற்கு முன்பே, ஒரு கல்லூரி நூலகத்திலாவது ஒப்படைத்து, ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.