நெஞ்சு தேறினால் போதாது, கைகாலும் தேற வேண்டும்

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவன் என்ற முறையில் பேசுகிறேன்.

ஆஞ்சியோவுக்குப் பிறகு ஒரு வருடம், பயத்தில் நான் எதையும் தூக்கவில்லை. தண்ணீர்க் கேனைக்கூட என் மனைவிதான் உருட்டி வருவார். சிவகாசியில் ஒரு விசேஷ வீட்டில் பாயில் உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. இரண்டு பையன்கள் தூக்கிவிட்டார்கள். இதயம் தேறிவிட்டது, தொடை போய்விட்டது. வரவே வைக்காமல் எடுத்துக்கொண்டே இருந்த கணக்கு அது!

டாக்டரிடம் கேட்டேன். நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேண்டும் என்றார். பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

1. டாக்டர் அனுமதி முதலில். ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பொதுவாக மூன்று வாரமாவது கழிய வேண்டும். பைபாஸ் என்றால் நெஞ்செலும்பு கூட 8 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை கனமானதைத் தூக்கவோ தள்ளவோ கூடாது. ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள் தொடங்கவே வேண்டாம்.

2. ஜிம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. ஒவ்வொன்றும் 10 முதல் 15 முறை. வாரம் இரண்டு நாள், இடையில் ஓய்வு.

3. மூச்சை அடக்காதீர்கள். தம் பிடித்துத் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். தூக்கும்போது மூச்சை விடுங்கள்.

4. நாடியை மட்டும் நம்ப வேண்டாம். சில இதய மாத்திரைகள் துடிப்பை ஏற விடாது. செய்துகொண்டே பேச முடிந்தால் அளவு சரி.

5. நம் ஊர் வெயில் தெரிந்ததுதான். காலை ஏழு மணிக்குள் முடியுங்கள்.

நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி, 108-ஐ அழையுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நடமாட முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. கேட்டு வாங்குங்கள்.

பட்டாசு ஆலையிலும் அச்சகத்திலும் பண்டல் தூக்கியவர்கள் நம்மிடையே இருக்கிறீர்கள். பழைய தெம்பை நம்பி முதல் நாளே சிலிண்டரைத் தூக்காதீர்கள். நிறைந்த சிலிண்டர் சுமார் 30 கிலோ. பயந்து சாய்வு நாற்காலியிலேயே கிடக்கவும் வேண்டாம்.

நான் இன்றும் கேனைத் தூக்குவதில்லை. ஆனால் பாயில் உட்கார்ந்தால் நானே எழுந்துகொள்கிறேன். எனக்கு அது போதும்.