எண்ணிக்கையும் பெறுமதியும்



ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியை அளக்க இக்காலத்தில் ஒரு கணக்கு உண்டு. எத்தனை கட்டுரை எழுதினார், பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பதே அது. நம் தோட்டத்தில் கொழுந்தை நிறுத்துப் பேர் போடுவது போன்றது. நிறை தராசில் தெரியும். தேயிலையின் குணமோ கோப்பையில்தான் தெரியும்.

லாகூரிற் பிறந்த தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரைப் பாருங்கள். 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே, எரிந்தடங்கிய விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணக்கிட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்ளப்படும் எல்லை அது. 1935இல் லண்டன் வானியற் சங்கத்தில் பேரறிஞர் எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். சந்திரசேகர் சோர்ந்தாரில்லை. 1939இல் அத்துறையை நூலாக எழுதி முடித்து, வேறு துறைக்குச் சென்றார். விண்மீன்களின் இயக்கம், ஒளிக்கதிர் கடத்தல், பாய்பொருளின் உறுதிநிலை, கருந்துளை என ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒவ்வொரு பெருநூல் தந்தார். தற்செயல் அசைவுகளைப் பற்றி 1943இல் எழுதிய கட்டுரையை வானியலார் மட்டுமன்றி இரசாயனவியலாரும் உயிரியலாரும் எடுத்தாண்டனர். நோபெல் பரிசு வந்ததோ 1983இல், 73ஆம் வயதில்!

அவர் தம்மை நாஸ்திகர் என்றவர். ஆயினும் பலன் கருதாது கடமை செய்யும் கீதை நெறியை அவர் உழைப்பிற் காண்கிறோம்.

பரீட்சையில் ஒருமுறை தவறியதும் படிப்பை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போகும் தம்பிமார் நம் லயங்களில் எத்தனை பேர்! அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பெரியோர்களே, புள்ளியை மட்டும் நிறுத்துப் பார்த்துப் பிள்ளைக்கு அரைப்பேர் போட்டுவிடாதீர்கள்.